டச்சுக் காகிதத்தில் தமிழ்க் கரை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில், கும்மிடிப்பூண்டி ஆலைகளிலிருந்து அதிகத் தொலைவில்லாத பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் நடக்கிறார்கள். 1613-ல் டச்சுக்காரர் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் இடிபாடு, தொல்லியல் துறையின் காவலில் உள்ள கல்லறைத் தோட்டம், அதன் வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகள், குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் பூநாரைகள் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இங்கே நெய்தவர்களும், விற்றவர்களும், கடன் கொடுத்தவர்களும், கப்பல் விட்டவர்களும் அந்தக் கதைக்குள் வருவதே இல்லை. எழுதி வைத்தவர்கள் டச்சுக்காரர்கள், ஆகவே கிடைப்பதும் டச்சுக்காரரின் வரலாறாகத்தானே இருக்கும் என்று இதற்குச் சமாதானமும் சொல்லப்படுகிறது. அந்தச் சமாதானம் செல்லாது என்பதை யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவர் தம் வாழ்நாள் உழைப்பால் காட்டினார். அவர் வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் (1930–1998). எழுதியவன் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனே ஆனாலும், வாசிக்கிறவன் வேறு கேள்வியோடு வந்தால் அதே ஏடு ஊராரின் வரலாற்றையும் சொல்லும் என்பது அவருடைய பணியிலிருந்து நாம் பெறும் முதல் பாடம். கேள்வி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அந்த ஏட்டுக்குள் நுழையாத மனிதர்கள் உண்டு, அவர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்பது இரண்டாம் பாடம். முதல் பாடத்தை நாம் பாதிதான் கற்றிருக்கிறோம். இரண்டாவதை இன்னும் தொடங்கவே இல்லை.

டச்சுக்காரர் இக்கரைக்கு வந்தது துணிக்காக. மலுக்குத் தீவுகளின் கிராம்பையும் பண்டாவின் சாதிக்காயையும் சுமத்ராவின் மிளகையும் வெள்ளி கொடுத்து வாங்குவதைவிடச் சோழமண்டலக் கரைத் துணி கொடுத்து வாங்குவது அவர்களுக்குக் கட்டுபடியானது. அத்தீவு மக்கள் நெடுங்காலமாக விரும்பி உடுத்தியது இந்தத் துணியைத்தான். 1610-ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் கிடங்கு அமைத்தார்கள். 1612-ல் சாந்தோம் போர்த்துகீசியர் வந்து அதை அழித்தார்கள். மறு ஆண்டே கோட்டை எழுந்தது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக, இக்கரை முழுவதற்குமான டச்சுக் கம்பெனி நிர்வாகம் இந்தச் சிற்றூரிலிருந்துதான் நடந்தது. இங்கே வராகன் அச்சடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள். ஏரி ஆழமற்றது என்பதால் கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, துணிப் பொதிகள் படகில் முகத்துவாரம் கடந்து அலையைத் தாண்டிப் போய் ஏறின. ஆங்கிலேயர் 1639-ல் மதராஸுக்கு இடம் வாங்கியபோது பழவேற்காட்டின் டச்சு வணிகத்துக்கு ஒரு தலைமுறை வயதாகியிருந்தது. பிறகு 1781-லும் 1795-லும் ஆங்கிலேயர் ஊரைப் பிடிப்பதும் ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுப்பதுமாக இருந்து, 1825-ல் அது முற்றாக அவர்கள் கைக்குப் போனது.

இந்த வணிகம் மலைபோல் காகிதத்தை விட்டுச் சென்றது. பழவேற்காட்டிலிருந்து கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பட்டாவியாவுக்கும் அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும் கடிதங்களும் கணக்குகளும் நாட்குறிப்புகளும் போய்க்கொண்டே இருந்தன. கம்பெனியின் ஆவணங்கள் ஹேக் நகரில் மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அடுக்குகளில் இருக்கின்றன. கொழும்பு, ஜகார்த்தா, கேப்டவுன், சென்னை ஆகிய இடங்களில் மிஞ்சியவற்றையும் சேர்த்து யுனெஸ்கோ 2003-ல் உலக நினைவுப் பதிவேட்டில் ஏற்றியது. இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஆசியாவைக் கம்பெனிக் கப்பலின் மேல்தளத்திலிருந்தும் கோட்டை மதிலிலிருந்தும் மட்டுமே பார்க்கிறார்கள் என்று 1930-களிலேயே குறைபட்டவர் வான் லூர் என்ற டச்சு அறிஞர். 1942-ல் ஜாவாக் கடல் போரில் அவர் இறந்துபோனார். சோழமண்டலக் கரை டச்சு வணிகத்தை முதலில் விரிவாக எழுதிய இந்தியர் தபன் ராய்சௌதுரி. 1962-ல் வந்த அவருடைய நூல் சிறந்த ஆய்வுதான், ஆனாலும் அதன் நாயகன் கம்பெனியாகவே இருந்தது. கம்பெனிக்கு எதிரே உட்கார்ந்து பேரம் பேசிய வணிகனைக் கதையின் நடுவே கொண்டுவரும் வேலை மிச்சமிருந்தது.

அரசரத்தினம் அந்த வேலைக்கு நேர்வழியில் வந்தவர் அல்லர். யாழ்ப்பாணத்தை அடுத்த நவாலியில் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய முதல் நூல் 1658 முதல் 1687 வரை இலங்கையில் டச்சு அதிகாரம் எப்படி வேரூன்றியது என்பதை ஆராய்ந்தது. அது 1958-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. ஆய்வின் தொடக்க ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1658-ல்தான் யாழ்ப்பாணக் கோட்டையும் நாகப்பட்டினமும் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறின. அன்றைய கம்பெனி அலுவலர்களுக்கு யாழ்ப்பாணத்துப் புகையிலையும் பாக்கும் யானையும் ஒரு கணக்கு, நாகப்பட்டினத்துத் துணியும் அரிசியும் இன்னொரு கணக்கு, இரண்டும் ஒரே கடல் பற்றியவை. இலங்கைக்காகக் கற்ற டச்சு மொழியும் கையெழுத்துப் பழக்கமும் அவரை இயல்பாகவே பாக் நீரிணைக்கு இக்கரையில் கொண்டுவந்து விட்டன. சிங்களம் மட்டும் சட்டம் வந்த 1956-ஐ அடுத்த ஆண்டுகளில் இலங்கையில் கற்பித்தவர், 1960-களின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். தனிநாயகம் அடிகள் இந்தியவியல் துறையை நடத்திக்கொண்டிருந்த காலம் அது.

அந்த நகரில்தான் 1966-ல் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. சங்க இலக்கியமும் சிலப்பதிகாரமும் முன்னிற்கும் அவையில் அரசரத்தினம் வைத்த கட்டுரையின் பொருள் வேறு. ஏறத்தாழ 1650 முதல் 1750 வரை தென்னிந்திய வணிகர்கள் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பது. தமிழின் பழம்பெருமை பேச வந்த அவையில் முன்பணமும் வட்டியும் சரக்குத் தரமும் பேசிய இந்தக் கட்டுரைதான் அவருடைய பிற்காலப் பணிக்கு வித்து. 1970-ல் மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றிய நூலை எழுதினார். ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த கூலித் தமிழனின் கதையும் மலாக்காவுக்கு வந்த பழைய செட்டியின் கதையும் ஒரே ஆசிரியரின் மேசையில் சேர்ந்தன. மலாயாவில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தபின் 1970-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல் நகரில் உள்ள நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1986-ல் வந்த சோழமண்டலக் கரை வணிகர்களையும் கம்பெனிகளையும் பற்றிய நூலும், 1996-ல் வந்த, ஆங்கில அதிகாரமும் கடல் வணிகமும் பற்றிய நூலும் அங்கே இருந்தபோது எழுதியவை. ஆட்டுப்பண்ணைகள் சூழ்ந்த ஒரு மலைநகரில் உட்கார்ந்துகொண்டு பழவேற்காட்டையும் பரங்கிப்பேட்டையையும் எழுதினார்.

அவர் காகிதத்துக்குள் கண்டது என்ன? வணிக ஏற்பாட்டின் ஒரு சுற்றை அருகிலிருந்து பார்த்தால் புரியும். எந்தத் துணி, எத்தனை பொதி, என்ன நீள அகலம் என்ற கோரிக்கைப் பட்டியல் பட்டாவியாவிலிருந்து வரும். கம்பெனி அதைத் தலைமை வணிகரிடம் காட்டி விலை பேசும். விலை படிந்தால் முன்பணம் கொடுக்கும். வணிகர் அந்தப் பணத்தைத் தரகர் வழியாக நெசவு ஊர்களுக்கு அனுப்புவார். தறிக்காரர் நூல் வாங்கி நெய்வார், வண்ணார் வெளுப்பார், சாயக்காரர் சாயவேரில் சிவப்பேற்றுவார். துணி கோட்டைக்கு வந்ததும் மாதிரித் துணியோடு வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று ஒதுக்குவார்கள். சச்சரவெல்லாம் இங்கேதான் வெடிக்கும். இழை மெலிந்திருக்கிறது என்று கம்பெனி கழிப்பதும், பஞ்சு விலை ஏறிவிட்டது, வேண்டாமென்றால் பக்கத்துத் துறையில் ஆங்கிலேயருக்கு விற்றுக்கொள்கிறோம் என்று வணிகர் திரும்புவதும் கடிதங்களில் மாறி மாறி வருகின்றன. இந்த இழுபறியைக் கம்பெனி அலுவலர் வணிகரின் நாணயக்கேடு என்று எழுதினார். அரசரத்தினம் அதைப் பேர வலிமையாக வாசித்தார். முன்பணத்தை வாங்கி முழுகிப்போகும் வணிகரால் நட்டம் வந்தபோது, 1650-களின் இறுதியிலிருந்து டச்சுக்காரர் வணிகர்களைக் கூட்டாக முதல் போட்டுப் பங்கு அடிப்படையில் நிறுவனமாகச் சேரத் தூண்டினார்கள். பின்னர் மதராஸில் காசி வீரண்ணா தலைமையில் ஆங்கிலேயருக்குத் துணி கொடுத்ததும் இத்தகைய கூட்டுதான். பங்கு முதல் என்பது ஐரோப்பியரின் தனிச்சொத்து என்று நினைக்கிறவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

பழவேற்காட்டிலேயே இதற்குச் சான்றான குடும்பம் ஒன்று உண்டு. டச்சு ஆவணங்களில் மலயா என்ற பெயரில் வரும் தெலுங்கு பேசிய பலிஜர் குடும்பம் அது. அச்சுதப்ப செட்டி டச்சுக்காரருக்கு மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கி, அவர்களுக்குத் துணி கொடுக்கும் முதல் வணிகராக வளர்ந்து, சொந்தக் கப்பல்களைக் கிழக்கே அனுப்பினார். 1634-ல் அவர் இறந்தபின் தம்பி சின்னண்ண செட்டி அந்த இடத்துக்கு வந்தார். துணியோடு நில்லாமல் ஊர்களின் வரிக் குத்தகையையும் எடுத்தார், அரசவையில் செல்வாக்குத் தேடினார். 1640-களில் விஜயநகர அரசர் ஸ்ரீரங்கனின் பக்கம் நின்று டச்சுக் கோட்டைக்கே நெருக்கடி கொடுத்தார். கம்பெனியின் தயவில் வாழ்ந்த துபாசி என்ற வார்ப்புக்குள் இவர் அடங்கவில்லை. கோட்டை இவரை நம்பியிருந்தது, இவரைக் கண்டு அஞ்சவும் செய்தது. இக்குடும்பத்தைப் பற்றி நாம் அறிவதெல்லாம் அவர்களோடு பேரம் பேசியவர்கள் எழுதி வைத்ததிலிருந்துதான்.

அரசரத்தினத்தின் காலத்திலேயே உலகின் வேறொரு மூலையில் இதே சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் நைஜீரியாவின் கென்னத் ஒன்வுகா டிகே. 1917-ல் ஆக்கா என்ற ஊரில் பிறந்த டிகேயும் லண்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். 1956-ல் வெளியான அவருடைய நூல் 1830 முதல் 1885 வரை நைஜர் ஆற்று முகத்துவாரத்தின் வணிகமும் அரசியலும் பற்றியது. அதுவரை அந்தப் பகுதியின் வரலாறு ஆங்கில வணிகரும் பாதிரியாரும் தூதரும் நடத்திய நாடகமாக எழுதப்பட்டு வந்தது. டிகே போனி, கலபாரி போன்ற முகத்துவார நகரங்களின் வணிகக் குடும்பங்களை மேடை நடுவே கொண்டுவந்தார். உள்நாட்டுக்கும் கப்பலுக்கும் நடுவே நின்று, ஐரோப்பியரைக் கரையோடு நிறுத்தி வைத்திருந்த இடைநிலை வணிகர் அவர்கள். அடிமையாக இருந்து பாமாயில் வணிகத்தில் உயர்ந்து ஒபோபோ என்ற அரசையே நிறுவிய ஜாஜாவை ஆங்கிலேயர் கடைசியில் 1887-ல் பிடித்து நாடு கடத்தினார்கள். சின்னண்ண செட்டியையும் ஜாஜாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடல் வணிகம் என்ற ஒரே தொழில் இரண்டு கரைகளிலும் ஒரே வகை மனிதரை உருவாக்கியது தெரியும். இரு கரைகளுக்கும் சரக்குத் தொடர்பும் இருந்தது. சோழமண்டலக் கரைத் துணி மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கும் விலையாகவே பயன்பட்டது. பழவேற்காட்டின் பெயரால் வழங்கிய கட்டம் போட்ட கைக்குட்டைத் துணியின் வழிவந்த மதராஸ் கட்டத் துணியைக் கலபாரி மக்கள் இன்ஜிரி என்ற பெயரில் இன்றும் சடங்குகளில் உடுத்துகிறார்கள்.

அரசரத்தினமும் டிகேயும் வந்து சேர்ந்த முடிவிலும் ஒற்றுமை இருக்கிறது. உள்ளூர் வணிகர் ஐரோப்பியரின் திறமையான வணிக முறைக்கு முன்னால் நிற்க முடியாமல் ஒழிந்தார்கள் என்ற கதையை இருவருமே உடைத்தார்கள். நைஜர் கரையில் துப்பாக்கிக் கப்பலும் தூதரின் ஆணையும் வரும்வரை இடைநிலை வணிகர் தாக்குப்பிடித்தனர். இங்கே 1740 வரைக்கும் இந்திய வணிகர் கம்பெனிகளுக்கு ஈடுகொடுத்தார்கள் என்பது அரசரத்தினத்தின் வாதம். 1687-ல் கோல்கொண்டா வீழ்ந்தபின் வந்த போர்களும் கருநாடகப் போர்களும் உள்நாட்டைக் கலைத்தன. ஆங்கிலேயர் ஆட்சியாளர் ஆனபின், பேரம் பேச வணிகர் தேவையில்லை என்றாகி, கம்பெனியின் குமாஸ்தாக்கள் தறிக்காரனிடம் நேரே போய் முன்பணத்தால் கட்டிப்போட்டார்கள். சந்தையில் தோற்றவர்களைவிட ஆட்சி மாறியதால் வீழ்ந்தவர்களே அதிகம். தொழில் வளர்ச்சியைப் பற்றி இன்றும் நடக்கும் வாதங்களுக்கு இந்த முடிவு பொருந்தும். போட்டியில் யார் வெல்வார் என்பதற்கு முன்னால் போட்டியின் விதிகளை எழுதும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்கச் சொல்கிறது அது.

கம்பெனிக் காகிதத்தை இப்படி வாசிப்பதற்கு வரும் முதல் மறுப்பு, சான்று முழுவதும் ஒரு தரப்பினுடையது என்பது. கம்பெனி எழுத்தர் கண்ட வணிகனைத்தானே நாமும் காண்கிறோம், அது நிழல்தானே என்று கேட்பார்கள். புதுச்சேரிக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பு இருக்கிறது, மலயா குடும்பத்தின் கணக்கோலைகள் அப்படி நம் கைக்கு வரவில்லை. மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் கம்பெனியின் காகிதம் புகழ்மாலை அல்ல. முதலாளிக்கு லாப நட்டம் விளக்க எழுதியது. அலுவலர் தம் இயலாமைக்குக் காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் எதிரிலிருப்பவரின் வலிமையை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஒரு வணிகர் எத்தனை வராகன் கடன்பட்டார், எந்த விலைக்கு மறுத்தார், எந்தத் துறைக்குச் சரக்கைத் திருப்பினார் என்பதில் எழுத்தருக்குப் பொய் சொல்ல அதிக ஆதாயமில்லை. ஒருவர் தமக்கே பாதகமாக ஒப்புக்கொள்வதைச் சான்றாக எடுத்துக்கொள்வது நீதிமன்றத்திலும் செல்லும் முறைதான். நிழல் என்றே வைத்துக்கொண்டாலும் உயரமும் அசைவும் அதில் தெரியும். வணிகரின் மனமும் குடும்பமும் வழிபாடும் தெரியாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. கம்பெனியை இறக்கிவிட்டு வணிகரை ஏற்றியதால் யாருக்கு என்ன லாபம், தறிக்காரர் எங்கே, விற்கப்பட்டவர் எங்கே என்பது அது. முன்பணத்தின் பிடியில் நெசவாளரை நிறுத்தியவர் இதே வணிகர்தான். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் இக்கரையில் மனிதர்களை வாங்கிப் பழவேற்காட்டின் வழியாகப் பட்டாவியாவுக்கு ஏற்றி அனுப்பியதும் இதே கம்பெனிதான், அதற்கு ஆள் பிடித்துக் கொடுத்ததில் உள்ளூர்க் கைகளும் இருந்தன. டிகேயின் முகத்துவார வணிகரும் அடிமை வணிகத்தில் வளர்ந்தவர்களே. அரசரத்தினம் இவற்றை மறைத்தார் என்று சொல்ல முடியாது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி நெசவாளர்களைப் பற்றி 1980-ல் ஒரு கட்டுரையும், 17-ஆம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடல் அடிமை வணிகத்தைப் பற்றிப் பின்னாளில் ஒரு கட்டுரையும் எழுதினார். இருந்தாலும் அவருடைய பெரிய நூல்களின் எடை வணிகர் பக்கமே சாய்ந்திருக்கிறது. இது நாட்டுப்பற்றால் வந்த சாய்வு என்பதைவிடக் காகிதத்தால் வந்த சாய்வு என்பதே பொருந்தும். கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டவன் ஏட்டில் பெயரோடு வருகிறான். தறியில் இருந்தவன் பொதி எண்ணிக்கையாக வருகிறான். கப்பலில் ஏற்றப்பட்டவன் தலை எண்ணிக்கையாக வருகிறான். பிறகு பிரசன்னன் பார்த்தசாரதி போன்றவர்கள் நெசவாளர் பக்கமிருந்து எழுதியது அரசரத்தினம் திறந்த வழியில் அடுத்த அடி.

டிகே இந்த இடத்தில் ஒரு படி மேலே போனார். முகத்துவாரக் குடும்பங்களின் வாய்மொழி மரபைச் சான்றாக ஏற்றார். அதோடு நிற்காமல், நைஜீரியாவின் சிதறிய ஆவணங்களைக் கணக்கெடுத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தை உருவாக்கினார். இபாதான் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து ஒரு வரலாற்றுப் பள்ளியையே வளர்த்தார். நைஜீரியாவின் உள்நாட்டுப் போரான பியாஃப்ரா போருக்குப்பின் அவரும் அயல்நாட்டில், ஹார்வர்டில், கற்பிக்க நேர்ந்தது. ஆனால் அதற்குள் வேலையைத் தொடரும் நிறுவனமும் மாணவரும் ஊரில் உருவாகிவிட்டார்கள். அரசரத்தினத்துக்குப் பழவேற்காட்டின் பக்கத்தில் அப்படி ஒரு களம் அமையவில்லை. அவருடைய நாற்காலிகள் பேராதனையிலும் கோலாலம்பூரிலும் ஆர்மிடேலிலும் இருந்தன, நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. வெளியூரில் இருந்ததால்தான் வங்கக் கடலின் இரு கரைகளையும் ஒன்றாகக் காண முடிந்தது என்று சொல்வதில் உண்மை உண்டு. அந்தக் கல்வி பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் திரும்பி வரவில்லை என்பதும் உண்மை. பழவேற்காட்டிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், பெரும்பாலும் கொச்சியைச் சேர்ந்த டச்சுத் தொகுதிகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் தமிழ் மாணவரை உருவாக்கும் முறையான படிப்பு நம் கல்லூரிகளில் வேரூன்றவில்லை.

இது பழங்காலத்து ஏக்கம் அல்ல, நடைமுறைத் தேவை. இக்கரையில் இப்போது எண்ணூர்த் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் உருவாக்கும் காகிதம் டச்சுக்காரர் எழுதியதைவிடப் பல மடங்கு. ஒப்பந்தம், சரக்குப் பட்டியல், அனுமதி ஆணை என எல்லாமே நிறுவனத்தின் கண்ணால் எழுதியவை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உருக்காலையில் நிற்கிறவர், துறைமுகத்துக்காக இடம் மாறிய மீனவக் குப்பத்தார், கும்மிடிப்பூண்டி முகாமில் வளர்ந்து ஆலை வேலைக்குப் போகும் ஈழத்தமிழர் என எல்லோரும் அதில் எண்ணிக்கையாகத்தான் வருவார்கள். முந்நூறு ஆண்டு கழித்து ஒரு அரசரத்தினம் வந்து நிறுவனக் காகிதத்தைத் தலைகீழாக வாசித்து ஒப்பந்தக்காரர்களை மீட்டுத் தருவார், மற்றவர்களை அவராலும் மீட்க முடியாது. அதற்கு டிகே செய்த வேலை, அதாவது வாய்மொழியைப் பதிவுசெய்வதும் உள்ளூரிலேயே காப்பகம் வைப்பதும், இப்போதே நடக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு ஆவண நிலையம், அதில் டச்சு படிக்கத் தெரிந்த இருவர், குப்பத்திலும் தறிக்கூடத்திலும் முகாமிலும் பேச்சைப் பதிவுசெய்யும் நால்வர் என்று தொடங்கினால்கூடப் போதும். ஒரு துறைமுகத்தின் செலவில் இது கழிவுத் துணியின் விலைகூட ஆகாது.